பள்ளத்தை வரைபடத்தில் குறித்தால் யார் வந்து மூடுவார்கள்? சந்தேகங்களும் விளக்கங்களும்

சாலைப் பள்ளம், எரியாத தெருவிளக்கு, மூடியில்லாத பாதாளச் சாக்கடை, உடைந்த நடைபாதை ஆகியவற்றைப் படம் எடுத்து, வரைபடத்தில் இடத்தைக் குறித்து, செல்பேசியிலேயே புகார் அனுப்பும் வசதி தமிழ்நாட்டில் பரவிவருகிறது. மாநகராட்சிக்கு ஒரு செயலி, மாநில நெடுஞ்சாலைத் துறைக்கு ஒன்று, தேசிய நெடுஞ்சாலைக்கு ஒன்று, கிராமச் சாலைக்கு ஒன்று எனத் தனித்தனியாக இருப்பதால், எதில் குறிப்பது, யாரிடம் போகும், எத்தனை நாளில் வேலை நடக்கும் என்பதில் குழப்பம் நிலவுகிறது. பொதுமக்களுக்கு அடிக்கடி எழும் சந்தேகங்களும் அவற்றுக்கான விளக்கங்களும்:

வரைபடப் புகார் என்றால் என்ன? போன் செய்து சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

தொலைபேசிப் புகாரில் இடத்தை வாயால் விவரிக்க வேண்டும். 'பிள்ளையார் கோயிலுக்கு அடுத்த தெரு' என்றால் ஒரே வார்டில் அப்படி மூன்று தெருக்கள் இருக்கக்கூடும். வரைபடப் புகாரில் அட்சரேகை, தீர்க்கரேகை, படம், நேரம் ஆகிய நான்கும் ஒன்றாகப் பதிவாகின்றன. அந்தப் புள்ளி எந்த வார்டுக்குள் வருகிறது என்பதைக் கணினியே கண்டறிந்து, உரிய அலுவலகத்துக்கு அனுப்ப முடிகிறது.

ஒரு பள்ளத்துக்கு இவ்வளவு ஏற்பாடு தேவையா?

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022-ஆம் ஆண்டில் மட்டும் சாலைப் பள்ளங்களால் நாட்டில் 4,446 விபத்துகள் நடந்தன. அவற்றில் 1,856 பேர் உயிரிழந்தனர். 2013 முதல் 2017 வரையிலான 5 ஆண்டுகளில் பள்ளங்களால் 14,926 பேர் இறந்தது குறித்து உச்ச நீதிமன்றம் 2018-இல் கடும் அதிருப்தி தெரிவித்தது. பள்ளம் இருப்பது உரிய பொறியாளருக்குச் சரியான இடத்தோடு தெரியவருவதே இந்த உயிரிழப்புகளைத் தடுக்கும் முதல் படி.

இந்த முறை எங்கே தொடங்கியது?

பிரிட்டனில் 'மைசொசைட்டி' என்ற தொண்டு நிறுவனம் 2007-இல் 'ஃபிக்ஸ்மைஸ்ட்ரீட்' என்ற இணையதளத்தைத் தொடங்கியது. அஞ்சல் குறியீட்டை உள்ளிட்டு வரைபடத்தில் இடத்தைத் தொட்டால், அந்தச் சாலை எந்த உள்ளாட்சி மன்றத்தைச் சேர்ந்தது என்று தளமே கண்டறிந்து புகாரை அனுப்பிவிடும். 4 வாரங்கள் கழித்து 'சரிசெய்யப்பட்டதா?' என்று புகார் அளித்தவரையே அது கேட்கும். அதன் மென்பொருள் நிரல் யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி திறந்துவிடப்பட்டதால், நார்வே, சுவிட்சர்லாந்தின் ஜூரிக் நகரம் உள்ளிட்ட இடங்களிலும் அதே அடிப்படையில் தளங்கள் உருவாயின.

அமெரிக்காவில் 311 என்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?

311 என்பது அவசரமில்லாத நகரச் சேவைப் புகார்களுக்கான தொலைபேசி எண். பால்டிமோர் நகரில் 1996-இல் தொடங்கியது, நியூயார்க்கில் 2003-இல் நடைமுறைக்கு வந்தது. வரைபடத்தில் குறிக்கும் 'சீகிளிக்ஃபிக்ஸ்' தளம் 2008-இல் நியூ ஹேவன் நகரில் உருவானது.

தமிழ்நாட்டில் மக்கள் இப்படி வரைபடத்தில் குறித்த முன் அனுபவம் உண்டா?

உண்டு. 2015 வெள்ளத்தின்போது, 'ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்' என்ற பொது வரைபடத்தை அடிப்படையாகக் கொண்டு தன்னார்வலர்கள் ஓர் இணைய வரைபடத்தை உருவாக்கினர். சென்னையில் தண்ணீர் தேங்கிய தெருக்களை அந்தந்தப் பகுதி மக்களே அதில் தொட்டுக் குறித்தனர். எந்த வழியில் போகலாம், எதில் போகக்கூடாது என்பதை மற்றவர்கள் உடனுக்குடன் பார்த்தனர்.

எந்தச் சாலைக்கு எந்தச் செயலி?

சென்னையில் என் தெருவில் பள்ளம். எதில் குறிக்க வேண்டும்?

பெருநகர சென்னை மாநகராட்சியின் 'நம்ம சென்னை' செயலியில் படத்தோடும் இடத்தோடும் பதிவு செய்யலாம். 1913 என்ற எண்ணிலும் புகார் அளிக்கலாம். சுமார் 387 கி.மீ. நீளமுள்ள பேருந்துத் தடச் சாலைகளும், சுமார் 5,270 கி.மீ. நீளமுள்ள உட்புறச் சாலைகளும் மாநகராட்சியின் பராமரிப்பில் உள்ளன. வீடுகள் நிறைந்த தெரு என்றால் பெரும்பாலும் அது மாநகராட்சியுடையதே.

'நம்ம சாலை' என்பது வேறா?

வேறு. அது மாநில நெடுஞ்சாலைத் துறையின் பராமரிப்பில் உள்ள சாலைகளுக்காக 2023 நவம்பரில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் தொடங்கிவைத்த செயலி. பள்ளத்தைப் படம் எடுத்து இருப்பிடத்தோடு பதிவேற்றினால், மாநில நெடுஞ்சாலையாக இருந்தால் 24 மணி நேரத்திலும், மாவட்ட முக்கியச் சாலை மற்றும் இதர மாவட்டச் சாலையாக இருந்தால் 72 மணி நேரத்திலும் சரிசெய்யப்படும் என்று அப்போது அறிவிக்கப்பட்டது. மாநகராட்சித் தெருவுக்கோ ஊராட்சிச் சாலைக்கோ இந்தக் காலக்கெடு பொருந்தாது.

ஊருக்கு வெளியே ஒரு சாலை யாருடையது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஓரத்தில் உள்ள கிலோமீட்டர் கல்லின் தலைப்பகுதி நிறத்தைப் பார்க்க வேண்டும். மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை. பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. நீலம் அல்லது கறுப்பு என்றால் பொதுவாக மாவட்டச் சாலை. ஆரஞ்சு என்றால் பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தில் போடப்பட்ட சாலை. கல்லில் உள்ள எண்ணையும் புகாரில் எழுதினால், வரைபடப் புள்ளி சற்று விலகியிருந்தாலும் பொறியாளர் இடத்தைக் கண்டுபிடித்துவிடுவார்.

நகருக்குள் கல் எதுவும் இல்லையே?

நகருக்குள் நிலைமை சிக்கலானது. ஒரே நீளச் சாலையின் ஒரு பகுதி மாநகராட்சியிடமும் மறு பகுதி நெடுஞ்சாலைத் துறையிடமும் இருக்கலாம். அந்தப் பகுதியின் வார்டு அலுவலகத்திலோ மண்டல அலுவலகத்திலோ உதவிப் பொறியாளரிடம் கேட்டால் சாலை யாருடையது என்று உறுதியாகத் தெரியும். எந்தப் புள்ளி எந்தத் துறையுடையது என்று காட்டும் ஒரே வரைபடத்தை எல்லாத் துறைகளும் சேர்ந்து பொதுமக்களுக்குக் கொடுத்திருந்தால், இந்தக் கேள்விக்கே இடமிருக்காது.

மெட்ரோ ரயில் பணி நடக்கும் சாலையில் பள்ளம் என்றால்?

சென்னை மெட்ரோ ரயில் இரண்டாம் கட்டப் பணி 3 வழித்தடங்களில் 118.9 கி.மீ. தொலைவுக்கு நடைபெறுகிறது. தடுப்பு வைத்து வேலை நடக்கும் பகுதிகளில், சாலை வேறொரு துறையுடையதாக இருந்தாலும், பணிக் காலத்தில் அதைச் சீராக வைத்திருக்கும் பொறுப்பு மெட்ரோ நிறுவனத்துக்கும் அதன் ஒப்பந்ததாரருக்கும் மாறியிருக்கலாம். புகாரில் 'மெட்ரோ தடுப்புக்கு அருகில்' என்று குறிப்பிட்டால், அது துறைவிட்டுத் துறை அலைவது குறையும்.

தேசிய நெடுஞ்சாலையில்?

தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் உதவி எண் 1033. 2023 ஆகஸ்டில் ஆணையம் அறிமுகப்படுத்திய 'ராஜ்மார்க்யாத்ரா' செயலியில் இருப்பிடத்தோடு கூடிய படம் அல்லது காணொளியை இணைத்துப் புகார் அளிக்கலாம். பதில் கிடைக்காவிட்டால் மத்திய அரசின் குறைதீர்ப்புத் தளத்தில் பதிவு செய்யலாம். அங்கு வரும் மனுக்களை 21 நாட்களுக்குள் தீர்க்க வேண்டும் என்று 2024-இல் வழிகாட்டுதல் வெளியிடப்பட்டது. சுங்கச்சாவடி உள்ள சாலையில், அதன் பெயரையும் எழுதுவது நல்லது.

கிராமத்துச் சாலைக்கு என்ன வழி?

பிரதமரின் கிராமச் சாலைத் திட்டச் சாலைகளுக்கு 'மேரி சடக்' என்ற செயலி 2015 முதல் உள்ளது. ஊராட்சிக்குச் சொந்தமான உட்தெருக்களும் சிமெண்ட் சாலைகளும் அதில் அடங்காது. அவற்றுக்கு ஊராட்சி அலுவலகத்தையே அணுக வேண்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும் கிராம சபையில் கோரிக்கையைத் தீர்மானமாக நிறைவேற்றி வாங்குவது, செயலியில் பதிவதைவிட வலுவான ஆவணம்.

தெருவிளக்கு எரியவில்லை. மின்வாரியத்துக்குச் சொல்வதா, மாநகராட்சிக்கா?

விளக்கு எரியவில்லை என்றால் உள்ளாட்சி அமைப்பு; மின்கம்பம் சாய்ந்திருந்தால், மின்கம்பி தொங்கினால், மின்பெட்டி திறந்து கிடந்தால் மின் பகிர்மானக் கழகம். மின்சாரம் தொடர்பான புகாருக்கு 'மின்னகம்' எண் 94987 94987 இயங்குகிறது. கம்பத்தில் எண் எழுதப்பட்டிருந்தால் அதைப் படத்தில் தெரியும்படி எடுக்க வேண்டும். வரிசையாக நிற்கும் கம்பங்களில் எது என்பதை வரைபடப் புள்ளி மட்டும் சொல்லிவிடாது.

சாலையில் உடைந்த மூடிக்கு யார் பொறுப்பு?

சென்னையில் பாதாளச் சாக்கடையின் மூடி என்றால் சென்னைக் குடிநீர் வாரியம். தொலைபேசி எண்கள் 044-4567 4567, 1916. மழைநீர் வடிகாலின் மூடி என்றால் சாலையின் உரிமையாளரான மாநகராட்சி அல்லது நெடுஞ்சாலைத் துறை. பொதுவாக, சாலையின் நடுப்பகுதியில் இருக்கும் வட்ட மூடி சாக்கடையுடையது. ஓரத்தில் வரிசையாக இருக்கும் செவ்வகப் பலகைகள் வடிகாலுடையவை. தொலைத்தொடர்பு நிறுவனங்களின் குழிகளும் உண்டு; மூடியில் எழுத்து பொறிக்கப்பட்டிருந்தால் அதையும் படம் எடுக்கலாம்.

தவறான செயலியில் குறித்துவிட்டால் புகார் வீணாகிவிடுமா?

சில நேரம் உரிய துறைக்கு மாற்றப்படும். சில நேரம் 'எங்கள் வரம்பில் இல்லை' என்ற குறிப்போடு முடித்துவைக்கப்படும். அப்படி முடிக்கப்பட்டால், அந்தக் குறிப்பைத் திரைப்பதிவு எடுத்து, உரிய துறையில் புதிய புகாரோடு இணைக்க வேண்டும். இரு துறைகளும் மறுத்தால், 'முதல்வரின் முகவரி' உதவி எண்ணான 1100-இல் இரு புகார் எண்களையும் குறிப்பிட்டுப் பதிவு செய்யலாம்.

கூகுள் மேப்ஸில் குறித்தால் போதாதா?

போதாது. அதில் பயனர் தெரிவிக்கும் தகவல் வரைபடத்தைத் திருத்தவும் மற்ற ஓட்டுநர்களை எச்சரிக்கவும் பயன்படுவது. உள்ளாட்சி அமைப்பின் புகார்ப் பதிவேட்டுக்குப் போவதில்லை, புகார் எண்ணும் வராது. சமூக வலைதளத்தில் படம் போட்டு அதிகாரிகளைக் குறிப்பிடுவதும் கவனத்தை ஈர்க்கலாம். ஆனால் எண்ணில்லாத புகாரைப் பின்தொடர வழியில்லை.

புதிய மனைப்பிரிவில் சாலையே மோசம். செயலியில் ஏற்கவில்லையே, ஏன்?

மனைப்பிரிவு உரிமையாளர், சாலைகளை உள்ளாட்சி அமைப்புக்குத் தானப் பத்திரம் மூலம் ஒப்படைத்திருக்க வேண்டும். ஒப்படைக்கப்படாத சாலையும், அடுக்குமாடி வளாகத்தின் உள்சாலையும் தனியாருடையவை. அவற்றில் உள்ளாட்சி நிதியைச் செலவிட முடியாது. தானப் பத்திரம் பதிவாகியுள்ளதா என்பதை உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டறியலாம்.

குறிப்பது எப்படி?

நான் குறித்த புள்ளி சாலையின் எதிர்ப்புறத்தில் விழுகிறது. என்ன காரணம்?

திறந்த வானத்தின் கீழ் செல்பேசி ஜிபிஎஸ் பொதுவாகச் சுமார் 5 மீட்டர் வட்டத்துக்குள் இடத்தைக் காட்டும். உயரமான கட்டடங்கள், மேம்பாலம், அடர்ந்த மரங்கள் அருகே பிழை கூடும். தடுப்புச் சுவர் உள்ள சாலையில் 5 மீட்டர் விலகினாலே புள்ளி எதிர்த் திசைப் பாதையில் விழுந்துவிடும். ஆட்கள் அந்தப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு 'பள்ளம் இல்லை' என்று எழுதக்கூடும். எனவே செயலி அனுமதித்தால் வரைபடத்தைப் பெரிதாக்கிப் புள்ளியைக் கையால் நகர்த்த வேண்டும். எந்தத் திசையில் செல்லும் பாதை என்பதையும் எழுத வேண்டும்.

புள்ளி வேறு பகுதியிலேயே விழுகிறதே?

செல்பேசி அமைப்பில் அந்தச் செயலிக்குத் தோராய இருப்பிடத்துக்கு மட்டும் அனுமதி தரப்பட்டிருக்கலாம். அதைத் துல்லிய இருப்பிடத்துக்கு மாற்றினால் சரியாகும்.

படத்தை எடுத்துவிட்டு வீட்டுக்குப் போய் அனுப்பலாமா?

அனுப்பும் நேரத்து இருப்பிடத்தை எடுத்துக்கொள்ளும் செயலி என்றால், புகார் வீட்டு வாசலில் பதிவாகிவிடும். இடத்தைக் கையால் தேர்ந்தெடுக்க வழி உள்ள செயலியில் பின்னர் அனுப்பலாம். வழி இல்லாவிட்டால், வண்டியைப் பாதுகாப்பாக ஓரம் நிறுத்தி அங்கிருந்தே அனுப்ப வேண்டும்.

நண்பர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தைப் பதிவேற்றலாமா?

பதிவேற்றலாம்; ஆனால் வாட்ஸ்அப்பில் வழக்கமான முறையில் அனுப்பும் படத்தில், எடுத்த இடம் குறித்த உட்தகவல் நீக்கப்பட்டுவிடுகிறது. படத்தை ஆவணமாக அனுப்பச் சொன்னால் அந்தத் தகவல் தங்கும். பார்த்தவரே பதிவு செய்வதே சிறந்தது.

எப்படிப்பட்ட படம் எடுக்க வேண்டும்?

இரண்டு படங்கள் தேவை. ஒன்று பள்ளத்தின் அருகிலிருந்து, ஆழம் தெரியும்படி. அளவுக்கு ஒரு செருப்பையோ தண்ணீர் பாட்டிலையோ ஓரத்தில் வைக்கலாம். மற்றொன்று தள்ளி நின்று, கடையின் பெயர்ப்பலகையோ வீட்டு எண்ணோ பேருந்து நிறுத்தமோ தெரியும்படி. தண்ணீர் நிறைந்த பள்ளத்தைப் படத்தில் பார்த்தால் வெறும் தேக்கமாகத் தெரியும். வடிந்த பிறகு இன்னொரு படமும் எடுத்து வைப்பது பயன்படும்.

விவரத்தில் என்ன எழுத வேண்டும்?

தெருப் பெயர், குறுக்குத் தெரு, அடையாளம், நீளம், ஆழம், எத்தனை நாளாக உள்ளது, யாராவது விழுந்தார்களா ஆகியவை போதும். 'சாலை முழுக்கக் குண்டும் குழியுமாக இருக்கிறது' என்று எழுதினால் எங்கே வேலை செய்ய வேண்டும் என்பது பொறியாளருக்குத் தெரியாது. பத்துப் பள்ளம் இருந்தால் தனித்தனிப் புள்ளியாகக் குறிப்பது நல்லது. ஒரே புகாராக இருந்தால், ஒன்றை மூடியதும் மொத்தமும் முடிந்ததாகக் கணக்காகிவிடும்.

டிஜிபின் என்கிறார்களே, அது உதவுமா?

டிஜிபின் என்பது அஞ்சல் துறை 2025-இல் வெளியிட்ட 10 எழுத்து இருப்பிடக் குறியீடு. நாடு முழுவதையும் சுமார் 4 மீட்டருக்கு 4 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியீடு தரப்பட்டுள்ளது. புகாரின் விவரப் பகுதியில் இதைக் கூடுதல் அடையாளமாக எழுதலாம். பெயர்ப்பலகை இல்லாத தெருக்களுக்கு மிகவும் உதவும்.

ஸ்மார்ட்போன் இல்லாதவர்கள் என்ன செய்வது?

1913, 1100, 1033 ஆகிய எண்களில் சாதாரண செல்பேசியிலிருந்தும் புகார் அளிக்கலாம். புகார் எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். புகார்ப் புள்ளிகள் எங்கே அதிகமோ அங்கே மட்டும் வேலை நடந்தால், செல்பேசி குறைவாக உள்ள பகுதிகள் பின்தள்ளப்படும் ஆபத்து உண்டு. வண்டியின் குலுக்கலைச் செல்பேசியே உணர்ந்து பள்ளத்தைப் பதிவு செய்யும் 'ஸ்ட்ரீட் பம்ப்' செயலியை அமெரிக்காவின் பாஸ்டன் நகரம் 2012-இல் சோதித்தபோது இதே கவலை எழுந்தது. எனவே புள்ளி விழாத தெருவில் பள்ளமே இல்லை என்று எந்த அலுவலகமும் முடிவு செய்யக்கூடாது; வார்டு ஆய்வு தொடர வேண்டும்.

என் பெயரும் எண்ணும் வெளியில் தெரியுமா?

புகார் பதிவுக்குச் செல்பேசி எண் தேவைப்படும். அது துறை அலுவலருக்குத் தெரியும். பிரிட்டனின் தளத்தில் புகார் எல்லோருக்கும் தெரிந்தாலும், பெயரை மறைக்கத் தனி வசதி உண்டு. படத்தில் பிறர் முகமோ வண்டி எண்ணோ வராமல் எடுப்பது நல்லது.

பக்கத்து வீட்டுக்காரர் ஏற்கனவே புகார் கொடுத்துவிட்டார். நானும் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். ஃபிக்ஸ்மைஸ்ட்ரீட் போன்ற பொதுத் தளங்களில் அருகில் உள்ள பழைய புகார்கள் வரைபடத்திலேயே தெரிவதால், புதிதாகப் பதியாமல் அதையே பின்தொடரலாம். இங்கே பெரும்பாலான அரசுச் செயலிகளில் தன் புகாரின் நிலையை மட்டுமே ஒருவர் பார்க்க முடிகிறது. தெருவே ஒரு பள்ளத்தைச் சேர்ந்து கவனிக்கும் வாய்ப்பு இதனால் பறிபோகிறது. தொலைபேசி எண்ணை மறைத்துவிட்டுப் புகார்ப் புள்ளிகளை எல்லோரும் பார்க்கும்படி திறப்பதில் தடை எதுவும் இருக்கத் தேவையில்லை.

எத்தனை நாள்? யார் பொறுப்பு?

24 மணி நேரத்தில் சாலையே புதிதாகப் போடப்படுமா?

இல்லை. காலக்கெடு பள்ளத்தை மூடுவதற்கு மட்டுமே. சாலையை முழுவதும் புதுப்பிக்க மதிப்பீடு, நிதி ஒதுக்கீடு, ஒப்பந்தப்புள்ளி ஆகியவை முடிய வேண்டும்.

மழை நேரத்தில் ஏன் கல்லும் மண்ணும் கொட்டிவிட்டுப் போகிறார்கள்?

சூடான தார்க் கலவை ஈரத் தரையில் ஒட்டாது. எனவே மழை ஓயும்வரை ஜல்லிக் கலவை கொட்டித் தற்காலிகமாக நிரப்புகின்றனர். மழைக் காலத்தில் பயன்படுத்தக்கூடிய ஆயத்தக் குளிர் கலவைக்கு இந்தியச் சாலைகள் பேரவை 2014-லேயே தர விதிமுறை வெளியிட்டுள்ளது. ஆகவே 'மழை முடியட்டும்' என்பது பள்ளத்தை அப்படியே விட்டுவைக்கக் காரணமாகாது.

போட்ட ஒட்டு ஒரே வாரத்தில் பெயர்ந்துவிடுகிறதே?

பள்ளத்தின் விளிம்பு உதிரும் நிலையில் இருக்கும்போது மேலே கலவையைக் கொட்டினால், சக்கரம் ஏற ஏற ஓரம் பெயரும். வெடிப்பு வழியே நீர் இறங்கி அடித்தளம் இளகும். முறைப்படி, பள்ளத்தைச் சுற்றி உறுதியான பகுதிவரை செவ்வகமாக நேர்ச்சுவரோடு வெட்டி, தூசியையும் நீரையும் அகற்றி, தார்ப் பூச்சு தடவி, கலவையை அடுக்கடுக்காகப் போட்டு இறுக்க வேண்டும். வெட்டப்பட்ட நேரான விளிம்பு தெரிகிறதா என்பதைப் பார்த்தாலே ஒட்டு வேலை எப்படி நடந்தது என்று தெரியும். தெரியாவிட்டால், அந்தப் படத்தோடு மீண்டும் புகார் அளிக்கலாம்.

சாலை போட்டே ஒரு வருடம்தான் ஆகிறது. யார் செலவில் சரிசெய்வார்கள்?

ஒப்பந்தத்தில் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் என்று ஒன்று உண்டு. அதற்குள் பழுதானால் ஒப்பந்ததாரர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தில், சாலை போட்ட ஒப்பந்ததாரரே 5 ஆண்டுகள் பராமரிக்க வேண்டும். திட்டப் பலகையில் பணி முடிந்த தேதி இருந்தால், அதையும் படம் எடுத்துப் புகாரோடு இணைக்க வேண்டும்.

பள்ளம் அப்படியே இருக்கிறது. செயலியில் 'முடிக்கப்பட்டது' என்று வருகிறது. என்ன செய்வது?

பொதுமக்களின் நம்பிக்கையை மிக அதிகமாகக் குலைப்பது இதுதான். வேறு துறைக்கு அனுப்பியதும், வேலை உத்தரவு தந்ததும், தற்காலிகமாக நிரப்பியதும்கூட 'முடிந்தது' என்ற ஒரே சொல்லில் பதிவாக வாய்ப்புண்டு. அதே கோணத்தில் தேதி தெரியும்படி புதிய படம் எடுத்து, மறுபடி திறக்கும் வசதி இருந்தால் அதிலும், இல்லாவிட்டால் பழைய எண்ணைக் குறிப்பிட்டுப் புதிய புகாராகவும் பதிய வேண்டும். புகார் அளித்தவர் ஒப்புக்கொண்ட பிறகே முடித்துவைப்பது என்ற நடைமுறை எல்லாச் செயலிகளிலும் வர வேண்டும்.

காலக்கெடு தாண்டினால் பணம் கிடைக்குமா?

தமிழ்நாட்டுச் செயலிகளில் அப்படி அறிவிப்பு இல்லை. மும்பை மாநகராட்சி 2019 நவம்பர் 1 முதல் 7 வரை நடத்திய திட்டத்தில், செயலியில் குறித்த பள்ளம் 24 மணி நேரத்தில் மூடப்படாவிட்டால் ரூ.500 தருவதாக அறிவித்தது. பள்ளம் குறைந்தது 1 அடி நீளமும் 3 அங்குல ஆழமும் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

பள்ளத்தால் விபத்து நடந்தால் அதிகாரி அல்லது ஒப்பந்ததாரருக்குத் தண்டனை உண்டா?

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்க்கப்பட்ட 198ஏ பிரிவின்படி, சாலையை வடிவமைக்க, அமைக்க, பராமரிக்கப் பொறுப்பான அதிகாரி, ஒப்பந்ததாரர், ஆலோசகர் அல்லது சலுகை நிறுவனம் உரிய தரத்தைக் கடைப்பிடிக்கத் தவறி, அதனால் மரணமோ உடல் ஊனமோ ஏற்பட்டால், ரூ.1 லட்சம் வரை அபராதம் விதிக்கலாம். அந்தத் தொகை மோட்டார் வாகன விபத்து நிதிக்குச் செல்லும்; பாதிக்கப்பட்டவருக்கு நேரடியாகக் கிடைக்காது.

அப்படியானால் இழப்பீடு?

பள்ள விபத்தில் இறந்தவர் குடும்பத்துக்கு ரூ.6 லட்சமும், காயமடைந்தவர்களுக்குக் காயத்தின் தன்மைக்கேற்ப ரூ.50,000 முதல் ரூ.2.5 லட்சம் வரையும் வழங்க வேண்டும் என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. அந்த உத்தரவு மகாராஷ்டிரத்துக்கானது. தமிழ்நாட்டில் பாதிக்கப்பட்டவர் உரிமையியல் நீதிமன்றத்தையோ உயர் நீதிமன்றத்தையோ தனியாக அணுக வேண்டியிருக்கும்.

புகார் எண் வழக்கில் உதவுமா?

பள்ளம் இருப்பது துறைக்குத் தெரிந்திருந்தது என்பதற்கு அது தேதியிட்ட சான்று. பிரிட்டனின் 1980-ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டத்தில், பழுது பற்றி நிர்வாகம் அறிந்திருந்ததா, அறிந்திருக்க வேண்டியதா என்பதை நீதிமன்றம் கருத வேண்டும் என்றே 58-ஆம் பிரிவு சொல்கிறது. இந்தியாவிலும் அலட்சியத்தை நிரூபிக்க முன்புகார் வலுச் சேர்க்கும்.

திறந்த மூடி, அறுந்த மின்கம்பி போன்றவற்றையும் செயலியில்தான் குறிக்க வேண்டுமா?

இல்லை, உயிருக்கு ஆபத்து என்றால் முதலில் தொலைபேசிதான். மின்கம்பிக்கு மின்னகம், சென்னையில் சாக்கடை மூடிக்குக் குடிநீர் வாரியம், பிற இடங்களில் உள்ளாட்சி அலுவலகம், எதற்கும் 112. தூரத்தில் நின்று மற்றவர்களை எச்சரித்துவிட்டு, அதன் பிறகே படமும் புள்ளியும்.

பதிலே வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாமா?

கேட்கலாம், கட்டணம் ரூ.10, வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு இல்லை. புகார் எண்ணின் மீது எடுத்த நடவடிக்கை, சாலை போட்ட ஒப்பந்ததாரர் பெயர், செலவான தொகை, குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முடியும் தேதி ஆகியவற்றின் நகலைக் கோரலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் அடுத்த 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்குப் பின் 90 நாட்களுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு.

புகார் எண்ணை எத்தனை காலம் வைத்திருக்க வேண்டும்?

முதல் மேல்முறையீட்டை முடிக்க அதிகாரிக்கு 45 நாட்கள் வரை அவகாசம் உண்டு என்பதால், பள்ளம் மூடப்படாத நிலையில் குறைந்தது 7 மாதங்களுக்கு எண், படம், குறுஞ்செய்தி மூன்றையும் அழிக்கக் கூடாது. விபத்து நடந்திருந்தால், முதல் தகவல் அறிக்கை, மருத்துவச் சான்று ஆகியவற்றோடு சேர்த்து வழக்கு முடியும்வரை வைத்திருக்க வேண்டும். செயலியை நீக்கினாலோ செல்பேசியை மாற்றினாலோ பதிவுகள் தொலைய வாய்ப்புள்ளதால், அச்செடுத்து வைப்பது பாதுகாப்பு.